கதவைச் சாத்தச் சொன்ன பிரைட்வுட்

தீயணைப்புப் படை என்றதும் சிவப்பு வண்டியும் மணிச் சத்தமும்தான் நமக்கு ஞாபகம் வரும். அந்தப் படையை ஒழுங்காக உருவாக்கிய ஜேம்ஸ் பிரைட்வுட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

1800-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், மரச்சாமான் செய்பவர் மகனாகப் பிறந்தார். கட்டடத் தொழிலில் பழகியவர். 1824-ல், 24 வயதிலேயே நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைவர்! நம்மைவிட ஆறு வயசுதான் கூட. பதவியேற்ற சில வாரங்களிலேயே ஊரில் பெருந்தீ. அசரவில்லை. கொத்தனார், தச்சர், கூரை வேய்பவர், குழாய் வேலைக்காரர் என்று பார்த்துப் பார்த்து ஆள் சேர்த்தார். கட்டடத்தைக் கட்டுறவனுக்குத்தானே அது எங்கே விழும்னு தெரியும்? ராத்திரியில் பயிற்சி கொடுத்தார். புகை மேலே ஏறும், தரையோரம்தான் மூச்சு விடலாம், குனிந்து போகணும் என்று பழக்கினார்.

1833-ல் லண்டன் போனார். அங்கே படையை நடத்தியது இன்சூரன்ஸ் கம்பெனிகள். தேம்ஸ் நதிக்கரைக் கிடங்குகளைப் பார்த்ததும் அவருக்குக் கவலை. தடுப்பே இல்லாத பெரிய கிடங்கு ஆபத்து, அறைக்கு அறை இரும்புக் கதவு வேணும், அதை மூடியே வைக்கணும் என்பது அவர் கட்சி.

1861 ஜூன் 22. டூலி தெருக் கிடங்கில் தீ. உள்ளே பஞ்சு, சணல், சர்க்கரை, கொழுப்பு. இரும்புக் கதவுகள் இருந்தன. ஆனால் திறந்து கிடந்தன! தீ அறை அறையாகத் தாவியது. தன் ஆட்களைப் பார்க்கப் போன பிரைட்வுட் மேல் சுவர் சரிந்து விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. தீ அணைய இரண்டு வாரம் ஆச்சு.

இதைப் படித்தபோது எங்கப்பா தறி ஓட்டும் கூடம்தான் கண்ணில் வந்தது. நம்ம சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அங்கே நூல் வைக்கும் அறைக் கதவு சாத்தி நான் பார்த்ததேயில்லை. ஒரு கல்லை அண்டக் கொடுத்திருப்பார்கள், காற்றுக்காக. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முதலாளிகிட்ட நீயே வந்து சொல்லுப்பா என்கிறார்!

இப்போதைய தீத்தடுப்புக் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். சட்டத்தில் பதித்த பட்டை சூடேறியதும் உப்பி இடுக்கை அடைக்கும். புகைக்கும் தனிப் பட்டை உண்டு. ஆனால் கல்லை வைத்துவிட்டால் அதுவும் வெறும் பலகைதான்.

அவர் இறந்த பிறகு, இனி எங்களால் முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்தன. 1865-ல் சட்டம் வந்தது. 1866 முதல் லண்டன் தீயணைப்பு, பொதுமக்கள் பணத்தில் நடக்கும் படையாயிற்று.