மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்: ஐம்பத்து மூன்று வயதில் ஒரு நாவல்

திருகோணமலைக்கும் தஞ்சை நாட்டுக்கும் இடையே கடல் கிடந்தாலும் எழுத்தின் வழி உறவு பழையது. எமது ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895 இல் சென்னையில் வெளியிட்ட 'மோகனாங்கி', தஞ்சை, திருச்சி நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட நாவல். அதற்கு 41 ஆண்டுகளின் பின்னர், அதே தஞ்சை மண்ணிலிருந்து ஒரு பெண் நாவல் எழுதினார். பெண்பிள்ளைகளின் கல்விக்கெனத் தோன்றிய எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர விரும்புகிறோம்.

இராமாமிர்தம் 1883 இல் திருவாரூரில், இசைவேளாளர் குடும்பத்தில் பிறந்தார். வறுமை முற்றிய வேளையில், பத்து ரூபாவுக்கும் ஒரு பழைய சேலைக்கும் தேவதாசி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டார். தேவதாசிகள் பெண்பிள்ளைகளைத் தத்தெடுப்பதை அக்காலச் சென்னை மாகாண நீதிமன்றங்கள் வழக்காறாக ஏற்றிருந்தன. தத்தெடுத்தவளின் சொத்துக்கு வாரிசாகவும் முதுமையில் அவளுக்குத் துணையாகவும் பிள்ளை வளர்க்கப்பட்டாள். ஆட்டமும் பாட்டும் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

வளர்ந்த பின் இராமாமிர்தத்தை முதியவர் ஒருவருக்குக் கொடுக்கப் பேச்செழுந்தது. அவர் மறுத்து, தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டார். 1920களில் காங்கிரஸிலும் பின்னர் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்திலும் இணைந்து, பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகச் சென்று பேசினார். அதே காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் இதற்காகப் போராடினார். கோயில் மானிய நிலத்தை நம்பி வாழ்ந்த பல பெண்கள் இருவரையும் எதிர்த்தனர். அவர்களின் அச்சத்திலும் நியாயம் இருந்தது.

பல ஆண்டுகள் மேடையில் பேசிய பின்னரே அம்மையார் நாவல் எழுதினார். 1936 இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' வெளிவந்தபோது அவருக்கு வயது 53. செல்வர் வீட்டு மைனர்கள் தாசி வீடுகளில் சொத்திழப்பதையும், அவ்வாழ்விலிருந்து மீண்ட பெண்கள் மற்றவர்களை மீட்கப் புறப்படுவதையும் அது சொல்கிறது. தாசிகளை அது சாடும் கடுமை இன்று படிக்கையில் எமக்கு உறுத்தவே செய்கிறது. ஆயினும் பிள்ளையாக விற்கப்பட்ட ஒருவரே அந்த வீட்டின் உட்கதவைத் திறந்து காட்டியது தமிழில் புதியது. 2003 இல் அந்நாவல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

1938 இல், கட்டாய இந்திக்கு எதிராகத் திருச்சியிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற நடைப்பயணத்தில் 55 வயதில் நடந்தார். அவ்வாண்டே சிறையும் சென்றார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947 இல் நிறைவேறியது. அதைக் கண்ணாரக் கண்டு, 1962 இல் மறைந்தார்.

எமது நாட்டில் 1941 இல் மகவேற்புக் கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளையின் நலனுக்காகவே மகவேற்பு நடைபெறுகிறதா, பணம் கைமாறியதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்கிறது அது. பத்து ரூபாவும் பழைய சேலையும் அந்தக் கேள்விக்கு முன் நின்றிருக்க முடியாது. போரும் 2004 ஆழிப்பேரலையும் பெற்றோரைப் பறித்த பிள்ளைகள் பலர் எமது மாவட்டத்தில் வாழ்கின்றனர். நீதிமன்றம் போகாமல் ஒரு குழந்தை கிடைக்குமா என்று மருத்துவர்களாகிய எம்மிடம் கேட்டு வருவோரும் உண்டு. பெரும்பாலும் அன்பினாலேயே கேட்கிறார்கள். எனினும், தன் பிறப்பும் பெற்றோரும் எங்கும் பதியப்படாத பிள்ளைக்காக நாளை எவரும் வழக்காட இயலாது. முறையான வழி நீண்டதாயினும் அதையே காட்டுகிறோம்.

2022 முதல் தமிழ்நாட்டில், அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதந்தோறும் 1000 ரூபா வழங்கும் திட்டம் அம்மையாரின் பெயரைத் தாங்கி நடைபெறுகிறது. பத்து ரூபாவுக்குக் கைமாறிய சிறுமியின் பெயர் அது என்பதை எமது இன்றைய மாணவிகளும் அறிந்திருக்க வேண்டும்.