சிறாரிடம் கற்ற ஆசான்

போரும் அமைதியும் என்னும் பெருநவீனத்தால் உலகப் புகழெய்திய லியோ டால்ஸ்டாய் பிரபுவை அறியாதார் இலர். அவர் சிற்றூர்ச் சிறார்க்கு எழுதக் கற்பித்த வரலாற்றை அறிந்தாரோ சிலரே. அதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

1828-ஆம் ஆண்டு ருஷிய நாட்டின்கண் யாஸ்னாயா போல்யானாவில் தோன்றிய அப்பெரியார், குடியானவரின் அடிமைத்தளை அறுபடாத 1859-ஆம் ஆண்டிலேயே அவர்தம் மக்கட்கு அவ்வூரில் பள்ளியொன்று கண்டார். வீட்டுப்பாடமோ கட்டாயமோ அங்கு இல்லை. ஆயினும், கட்டுரை எழுதப் பணித்தபோது, அன்றாடம் காணும் பொருளைக்கூட வருணிக்கமாட்டாது நன்மாணாக்கரும் கலங்கினர்.

ஒருநாள், கரண்டியால் உணவூட்டி அதன் காம்பால் கண்ணைக் குத்துதல் என்னும் பழமொழியைக் கதையாக்குமாறு கூறினார். பிள்ளைகளோ அவரையே எழுதுமாறு வேண்டினர். அவர் எழுதத் தொடங்கவே, சூழ்ந்து நின்று திருத்தஞ் சொல்லலாயினர். ஃபெத்கா, செம்கா என்னும் சிறுவர் இருவர் சொல்லச் சொல்ல, பெயர்பெற்ற எழுத்தாளர் அவர்க்கு எழுத்தரானார். அவ்வேடுகளை வேறு மாணாக்கர் விளையாட்டாய்ப் பாழாக்கிவிட, ஆசிரியர் பெரிதும் வருந்தினார். அதனை உணர்ந்த அவ்விருவரும் அவரில்லம் சென்று, இரவு நெடுநேரம் அமர்ந்து, கதையைத் தாமே மீண்டும் எழுதினர். குடியானவர் பிள்ளைகட்கு நாம் எழுதக் கற்பிப்பதா, அவரிடம் நாம் கற்பதா என ஆராய்ந்து 1862-இல் அவர் கட்டுரையும் வரைந்தார்.

அவ்வாண்டே காவலர் வந்து சோதனையிட்டனர், பள்ளியும் நின்றது. எனினும் ஆர்வம் அவியவில்லை. 1872-இல் சிறார்க்கென அரிச்சுவடி வெளியிட்டார். 1910-இல் மறைந்தார்.

மனப்பாடக் கட்டுரைகளால் தேர்வு கடக்கும் நாம், சிறார் கூறுவதைச் செவிசாய்த்துக் கேட்ட இவ்வாசானை எண்ணுதல் நன்று. நம்முள் பலர் நாளை ஆசிரியராவோம் அன்றோ!