கிறிஸ்டன் நைகார்டு

கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்துப் பயிலும் நம் இளைஞர் பலர் முதலாண்டிலேயே ஒரு சுவரின்முன் நின்றுவிடுகின்றனர். சி பிளஸ் பிளஸ் அல்லது ஜாவா நூலைத் திறந்தவுடன் கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் என்னும் சொற்கள் எதிர்கொள்கின்றன. தமிழ்வழியில் இனக்குழு, பொருள், மரபுரிமம் எனக் கற்றுச் சென்றவர்க்கோ அது மேலும் ஒரு சுமை. கணினி நம் பேட்டைக்கு அருகே ரிச்சி தெருவில் கிடைக்கும்; இச்சொற்களின் விளக்கம் அங்குக் கிடைப்பதில்லை. பொருள்நோக்கு நிரலாக்கம் எனப்படும் இம்முறையை உலகிற்கு அளித்தவர் யார், எதற்காக அளித்தார் என அறிந்தால் அச்சுவரில் பாதி இடிந்துவிடும் என்பது நம் எண்ணம்.

கிறிஸ்டன் நைகார்டு 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் நார்வே நாட்டின் தலைநகராம் ஆஸ்லோவில் பிறந்தார். கணிதம் பயின்றார். 1948இல் அந்நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியேற்றார். ஆங்கே ஊலே யோஹான் டால் என்பாரின் நட்பு வாய்த்தது. 1960இல் நார்வே கணிப்பு மையத்திற்கு மாறினார். பலரும் பல வண்டிகளும் இயங்கும் ஓரிடத்தில் எங்கே நெரிசல் நேரும், எவர் காத்திருப்பர் என்பதை முன்கூட்டியே கணினியில் நடத்திப் பார்க்க விழைந்தார். அன்றைய நிரல்மொழிகள் அதற்கு எளிதில் இடந்தரவில்லை. ஆகவே நண்பர் இருவரும் சிமுலா என்னும் புதுமொழியை ஆக்கினர்.

பாலத்துச் சுங்கச்சாவடியில் நிற்கும் வண்டி வரிசையை ஆராய்ந்தபோது அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. லாரியும் பேருந்தும் வெவ்வேறாயினும் இரண்டும் வண்டிகளே. வண்டிக்குரியதை ஒருமுறை எழுதிவிட்டு, லாரிக்கும் பேருந்துக்கும் உரிய வேறுபாட்டை மட்டும் பின்னர்ச் சேர்த்தால் போதுமன்றோ? மரபுரிமம் என்பது இதுவே. 1967இல் வெளிவந்த சிமுலா 67 இக்கருத்தைத் தாங்கி வந்தது. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தபோது அம்மொழியைக் கையாண்ட டென்மார்க்கு அறிஞர் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், அதன் கருத்துகளைக் கொண்டே பின்னர் சி பிளஸ் பிளஸ் மொழியைப் படைத்தார்.

நம் சிந்தாதிரிப்பேட்டை மீன் அங்காடியையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கடையும் ஒரு பொருள். கையிருப்பும் விலையும் அதன் தரவுகள். எடைபோடுதலும் பணம் பெறுதலும் அதன் செயல்கள். கடைக்காரரின் கல்லாவில் வாங்க வந்தவர் கைவிடலாகாது, கேட்டே பெறவேண்டும். கடை எனப்படுவதற்குரிய பொதுவரையறையே இனக்குழு. அச்சொல்லைக் கண்டு எவரும் முகஞ்சுளிக்க வேண்டா. ஈண்டு அது பொருள்களின் வகையைக் குறிக்குமேயன்றி மக்களை அன்று.

சிமுலா பரவியபோது நைகார்டு ஒன்றைக் கண்டு வருந்தினார். தம் கருவியைக்கொண்டு வேலையைத் திட்டமிட்டோர் நிருவாகத்தினர். அத்திட்டத்திற்கு உட்பட்டோரோ தொழிலாளர். தொழிலாளர்க்கு அக்கருவி விளங்கவில்லை, விளக்குவாருமில்லை. ஆகவே 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கைகோத்தார். வல்லுநர் ஓர் அறிக்கை எழுதித் தருவது பயனன்று, தொழிலாளர் தாமே தம் ஆலையை ஆராய்ந்து செயற்படுவதே பயன் என்பது அவர் கொள்கை. அவர்கள் படிப்பதற்கெனப் பாடநூலும் எழுதப்பட்டது. இதன் விளைவாக, 1975இல் நாடளாவிய உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. கணினி முறையைப் புகுத்துமுன் தொழிலாளர்க்கு, வல்லுநரல்லாதார்க்கும் விளங்கும் மொழியில், அதனை அறிவித்தல் வேண்டும் என்றது அது. எம் கருத்தில், சிமுலாவினும் இது சிறிய செயலன்று.

குடிப்பழக்கத்தால் ஒதுக்கப்பட்டோர்க்கு மனிதத் தன்மையோடு வாழ இடந்தரும் முயற்சியிலும் அவர் உழைத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் நார்வே சேரலாகாது என்ற இயக்கத்திற்குத் தலைமை தாங்கினார். 1994ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அவ்வியக்கமே வென்றது.

ஆஸ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கி ஓய்வுபெற்ற பின்னரும் அவர் மனம் தொடக்கநிலை மாணவரையே நாடியது. துண்டு துண்டான சிறு கணக்குகளைக் கொடுத்துவிட்டுப் பொருள்நோக்கு முறையைக் கடைசியில் ஒட்டவைக்கும் பாடத்திட்டம் அவருக்கு உடன்பாடன்று. உண்போர், பரிமாறுவோர், சமைப்போர் என அனைவரும் இயங்கும் ஓர் உணவகத்தை முதல்நாளே மாணவர்முன் வைக்கவேண்டும் என்றார். இதனை ஆராய எழுபத்தைந்து வயதில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்.

கணினித் துறையின் தலையாய பரிசாம் டூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்கு இருவர்க்கும் ஒருங்கே அளிக்கப்பட்டது. டால் 2002 ஜூன் 29ஆம் நாள் மறைந்தார். ஆறு வாரங்களில், ஆகஸ்டு 10ஆம் நாள், நைகார்டும் மறைந்தார். முதலாண்டு மாணவர்க்கென அவர் தொடங்கிய ஆராய்ச்சியை உடன் பணியாற்றியோர் தொடர்ந்து நடத்தினர்.