தறி இலாகாவின் கதவைத் தட்டியவர்

பம்பாய் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த சால் ஒன்றில் ஒரே ஓர் அறை. சமையலும் அதற்குள், படுக்கையும் அதற்குள். ஓய்வு பெற்ற ராணுவ சுபேதார் ராம்ஜி, இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறிய அந்த மகன்தான் டாக்டர் அம்பேத்கார்.

1891 ஏப்ரல் 14-ல் பிறந்த அவர், பரோடா மன்னரின் உதவித் தொகையில் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. ஆனால் பியூன்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேஜை மீது வீசி எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கிய விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். வேலையை விட்டுப் பம்பாய் திரும்பினார். கடல் கடந்து படித்தவருக்கே இந்தக் கதி என்றால், எழுத்தறியாத பாட்டாளியின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

பம்பாய்ப் பஞ்சாலைகளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நூற்பு இலாகாவில் வேலை உண்டு. கூலி அதிகமுள்ள தறி இலாகாவில் இடமில்லை. தார் மாற்றும்போது தறி நாடாவின் துளையில் வாய் வைத்து ஊடை நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும். தாழ்த்தப்பட்டவர் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைப்பதா என்று மற்ற நெசவாளர்கள் மறுத்தார்கள்.

1928-ல் ஆலைத் தொழிலாளர் மாதக் கணக்கில் வேலை நிறுத்தம் செய்தனர். எல்லா இலாகாவிலும் தம் மக்களுக்கு உள்ள உரிமையைக் கோரிக்கையில் சேர்க்காவிட்டால், அவர்களைப் போராட்டத்திலிருந்து விலகச் சொல்லப்போவதாக அம்பேத்கார் தலைவர்களிடம் கண்டிப்பாகக் கூறினார். அவர்கள் அரை மனதோடு சேர்த்தார்கள். முதலாளிகளோ, இந்த அநீதி தாங்கள் செய்ததல்ல என்று கையை விரித்துவிட்டார்கள்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாடு கூடியது. கேங்மேனாகச் சேர்ந்தவர் கடைசி வரை கேங்மேனாகவே இருப்பதை அம்பேத்கார் அங்கே எடுத்துக் காட்டினார். போர்ட்டர் வேலைகூட எட்டவில்லை. போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. தீண்டாமை பாராட்டும் வீட்டுக்குள் அவரை யார் விடுவார்கள்? ஒர்க்‌ஷாப்பிலும் கூலி வேலைதான், மெக்கானிக் வேலை இல்லை. முதலாளியின் சுரண்டலை எதிர்க்கும் தொழிலாளி, தன் சக தொழிலாளியைத் தாழ்வாக நினைக்கும் மனப்பான்மையையும் எதிர்க்க வேண்டும் என்பதே அவர் அன்று வற்புறுத்தியது.

1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் தொழிலாளர் இலாகா உறுப்பினரானார். அவர் பதவியில் இருந்தபோதே, 1943-ல், மத்திய அரசு வேலைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 8.33 சதவீத ஒதுக்கீடு வந்தது. பின்னர் அவர் தலைமையிலான குழு வரைந்த அரசியல் சட்டம், 16-வது ஷரத்தில் அரசு வேலையில் சம வாய்ப்பையும் இட ஒதுக்கீட்டையும், 17-வது ஷரத்தில் தீண்டாமை ஒழிப்பையும் உறுதி செய்தது. தனியார் கம்பெனிகளின் வேலை வாய்ப்பை 16-வது ஷரத்து தொடவில்லை. அவருடைய போராட்டம் தொடங்கிய ஆலைகளோ தனியாருடையவை!

1956 டிசம்பர் 6-ல் டில்லியில் காலமான அவருடைய உடல் பம்பாய் தாதர் கடற்கரையில் தகனம் செய்யப்பட்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் லட்சக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள். பரேலின் பழைய ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. ஆனால் வேலை உண்டா என்பதோடு நில்லாமல், எந்த வேலை, எந்த இலாகாவில் என்றும் கேட்க வேண்டும் என்று அவர் காட்டிய வழி, உழைத்துப் பிழைக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.