சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

பேரேட்டைப் புரட்டாமலே பாக்கிக் கணக்கை ஒப்பிக்கும் நம் பினாங்கு வணிகர்கட்கு இப்பெரியாரின் அருமை எளிதில் விளங்கும். 1874இல் நாகர்கோவிலையடுத்த இடலாக்குடியில் பிறந்த பாவலரவர்கள், சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தமிழ் பயின்றார்கள். அக்கால மாணவர் நிகண்டையும் இலக்கணத்தையும் செய்யுளாகவே மனனம் செய்தனர். மறந்த அடியை எதுகையும் மோனையும் இழுத்து வந்துவிடும்! 1907 மார்ச் 10ஆம் நாள், சென்னை விக்டோரியா மண்டபத்தில் பாவலர் சதாவதானம் நிகழ்த்தினார்கள். நூறு செயல்களில் ஒருங்கே கருத்தூன்றும் கலை அது. முதுகில் எறியும் நெல்லை எண்ணிக்கொண்டே, கேட்டவர்க்கு வெண்பாவும் பாட வேண்டும். இதனைப் பிறவி வரம் என்பாருண்டு. இளமையில் செய்யுள் வழிப் பெற்ற பயிற்சியே என்பது நம் கருத்து. சீறாப்புராணத்திற்கு உரை கண்டார்கள். வள்ளலாரின் அருட்பாவுக்காகவும் வாதாடினார்கள். 1950இல் மறைந்த அவர்கட்கு இந்திய அரசு 2008இல் அஞ்சல் தலை வெளியிட்டது.