நோயின் வேரைத் தேடிய அம்மையார்

உழைக்கும் தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலம் இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைந்து, அங்கே சர்க்கரையாக மாறி, மீண்டும் தசைக்கே திரும்புகிறது. இதனைக் ‘கோரி சுழற்சி’ என்று நாம் படிக்கிறோம். அப்பெயருக்கு உரிய இருவரில் ஒருவர் பெண்மணி. கெர்ட்டி கோரி என்னும் அவ்வம்மையாரின் வாழ்வைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

1896ஆம் ஆண்டு பிராக் நகரில் பிறந்த கெர்ட்டி, மருத்துவராக விரும்பினார். ஆனால், மருத்துவக் கல்விக்கு வேண்டிய லத்தீனும் கணிதமும் அறிவியலும் அவர் பயின்ற பெண்கள் பள்ளியில் போதிய அளவு கற்பிக்கப்படவில்லை. அவர் தளரவில்லை, அவற்றைத் தாமே முயன்று கற்றுத் தேர்ந்து, 1914இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920இல் பட்டம் பெற்று, உடன் பயின்ற கார்ல் கோரியை மணந்தார். வியன்னாவில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியபின், 1922இல் அமெரிக்கா சென்றார்.

1931இல் இருவரும் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தனர். கணவருக்குப் பேராசிரியர் பதவி. இணையாக உழைத்த மனைவிக்கோ உதவியாளர் நிலையும் சொற்ப ஊதியமும்! அவர் பேராசிரியரானது 1947இல்தான். அவ்வாண்டே நோபல் பரிசும் வந்தது. மருத்துவத்தில் அப்பரிசு பெற்ற முதற் பெண்மணி அவரே. அதே ஆண்டில், எலும்பு மச்சையைத் தாக்கும் தீராத நோய் தமக்கு இருப்பதையும் அறிந்தார்.

அதன் பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை என்பதே என்னைப் பெரிதும் கவர்ந்தது. சில குழந்தைகளுக்குக் கல்லீரல் வீங்கும். சிறிது நேரம் உணவின்றி இருந்தாலும் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையும். கல்லீரலில் கிளைக்கோஜன் நிறைந்திருந்தும் ஏன் இந்நிலை? கிளைக்கோஜன் சிதைந்து உண்டாகும் குளுக்கோஸ் பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டை நீக்கினால்தான் சர்க்கரை இரத்தத்தில் கலக்கும். அதை நீக்கும் நொதி அக்குழந்தைகளிடம் இல்லை என்பதை 1952இல் கோரி தம்பதியர் கண்டறிந்தனர். நொதியும் ஒரு புரதமே. ஒரே ஒரு புரதத்தின் குறை ஒரு பரம்பரை நோய்க்குக் காரணமாகும் என்பது இதனால் தெளிவாயிற்று. கிளைக்கோஜனின் அமைப்பே மாறுபட்டிருக்கும் மற்றொரு நோய் இன்று ‘கோரி நோய்’ என வழங்குகிறது.

1957இல் அம்மையார் மறைந்தார். நோயாளியின் படுக்கையை விட்டுச் சோதனைக் குழாயை நாடியவர், நோயாளியை மறந்தவர் அல்லர். சோதனைக்கூடத்தில் நாம் செய்யும் சிறு ஆய்வும் எங்கோ ஓர் உயிரைத் தொடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.