இங்கர்சால் இல்லம்

கோயிலுக்குப் போகாதவன் குடும்பம் உருப்படுமா என்ற கேள்வியைக் கேட்டிராத தோழர் நம்மிலே எவர்? மேடையிலே மாற்றான் கேட்டால் மளமளவென்று பதில் சொல்லிவிடலாம். திண்ணையிலே மாமனார் கேட்கிறார். அடுப்படியிலே அத்தை கேட்கிறாள். ஆலை வாயிலிலே உடன் வேலை செய்பவன் கேட்கிறான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால்கூட, நெற்றியிலே நீறு இல்லாததுதான் காரணம் என்று திரும்பிவிடுகிறது பேச்சு. வாதத்தால் அடைபடும் வாய் அல்ல அது. வாழ்ந்து காட்டித்தான் அடைக்க வேண்டும்.

வாழ்ந்து காட்டிய ஒருவர் இருந்தார், கடல் கடந்த அமெரிக்காவிலே. ராபர்ட் கிரீன் இங்கர்சால் என்பது அவர் பெயர். நமக்குப் புதிய பெயரன்று. சுயமரியாதை இயக்கம் தோன்றிய நாள் தொட்டு நம் ஏடுகளிலே, சிறு வெளியீடுகளிலே, மேடைகளிலே அடிபட்ட பெயர். மதத்தைச் சாடிய மாவீரர், மடமையைச் சுட்ட சொற்செல்வர் என்றெல்லாம் அவரைப் புகழ்கிறோம். ஆனால் கணவர் இங்கர்சாலை, தந்தை இங்கர்சாலை, தாத்தா இங்கர்சாலை நாம் அதிகம் அறிந்துகொண்டோமில்லை. அவர் ஏறிய மேடைகளைவிட, அவர் வாழ்ந்த வீடுதான் வைதீகத்தை அதிகம் வாட்டியது என்பது நம் எண்ணம்.

1833ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து டிரெஸ்டன் என்ற சிற்றூரிலே பிறந்தார். தந்தை யார் தெரியுமோ? பாதிரியார்! அடிமை முறையை எதிர்த்தவர், நேர்மையாளர். ஆனால் நரகத்தை நம்பியவர். இரண்டு வயதுக் குழந்தையாக இருக்கையிலேயே தாய் மறைந்தார். ஞாயிற்றுக்கிழமையில் சிரிப்பதும் பாவம் என்றிருந்த வீட்டிலே வளர்ந்தான் அந்தச் சிறுவன். அந்த இருட்டு அவர் நெஞ்சை விட்டு நீங்கவே இல்லை. தாம் அமைக்கும் வீட்டிலே அச்சம் என்ற ஒன்று இருக்கக்கூடாது என்ற உறுதி அங்கேதான் விதைபோலே விழுந்திருக்க வேண்டும்.

1854இல் வழக்கறிஞரானார். அண்ணன் கிளார்க்கும் அவரும் ஒரே அலுவலகம், ஒரே தொழில். பின்னாளில் அந்த அண்ணன் காங்கிரஸ் சபை உறுப்பினராகவும் ஆனார். 1879இல் அண்ணன் இறந்தபோது, எழுதி வைத்த இரங்கலுரையைப் படிக்க எழுந்தார் இங்கர்சால். ஆயிரமாயிரம் பேரைச் சொல்லால் ஆட்டிவைத்தவர், சொல் வராமல் சவப்பெட்டியின் மேல் சாய்ந்து கண்ணீர் வடித்தார். கல் நெஞ்சன் நாத்திகன் என்று எவனோ சொல்கிறானே, அவன் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்!

1862 பிப்ரவரியில் ஈவா பார்க்கர் என்ற மங்கையை மணந்தார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். மணம் முடிந்த சில வாரங்களில் குதிரைப் படையின் கர்னலாகக் களம் சென்றார், ஷைலோவிலே போரிட்டார், அவ்வாண்டு டிசம்பரில் எதிரிகளிடம் சிறைப்பட்டு, பிறகு விடுபட்டார். ஈவா அம்மையார் பகுத்தறிவுக் குடும்பத்துப் பெண். கணவர் தம் சொற்பொழிவு நூலொன்றை, மூடநம்பிக்கையற்ற பெண் என்று குறிப்பிட்டு அவருக்கே காணிக்கையாக்கினார். நம் தோழர்கள் இவ்விடத்திலே சற்று நிற்க வேண்டும். எத்தனையோ பேருக்குக் கொள்கை வாயிற்படியோடு நின்றுவிடுகிறது. ஊருக்குப் பகுத்தறிவு, வீட்டுக்கு வெள்ளிக்கிழமை விரதம். இங்கர்சாலோ, துணைவியாரைத் தம் கொள்கைத் தோழராகவே நடத்தினார்.

ஈவா, மாட் என்று இரண்டு பெண் மக்கள். அந்த வீட்டு ஏற்பாட்டைக் கேளுங்கள். பணம் ஒரு மேசை இழுப்பறையிலே பூட்டில்லாமல் கிடக்கும். வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மனைவி கை நீட்டிக் கேட்கவேண்டியதில்லை. மகள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. காசுக்காக மனைவியைக் கெஞ்ச வைப்பவனைப்போல் கயவன் இல்லை என்பது அவர் கருத்து. நம் வீடுகளிலே சம்பள நாளன்று நடப்பது நமக்குத் தெரியாதா?

பிள்ளைகளை அடிப்பதைக் கண்டித்து அவர் நாடெங்கும் பேசினார். ஆண், பெண், குழந்தை ஆகிய மூவரின் உரிமை பற்றிய அவருடைய சொற்பொழிவு புகழ்பெற்றது. குழந்தையை அடிக்கக் கை ஓங்குபவன், அந்தக் கோலத்திலேயே தன்னைப் புகைப்படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும் என்றார் அதில். பேசியதோடு நின்றாரில்லை. அவர் வீட்டிலே பிரம்பு இல்லை. நாமோ மேடையிலே பெண்ணுரிமை முழங்கிவிட்டு, நள்ளிரவிலே வீடு திரும்பி, சோறு ஆறிவிட்டது என்று தட்டைத் தள்ளுகிறோம். நாமும் தள்ளியதுண்டு, மறைப்பானேன்?

அவரிடம் குறையே இல்லையா? உண்டு. பாட்டாளியின் பக்கம் நின்ற கட்சியல்ல அவருடைய குடியரசுக் கட்சி. ரயில்வேக்காரர்களின் வழக்கையும் ஏற்றார், மோசடிக் குற்றம் சாட்டப்பட்ட பெரும்புள்ளிகளுக்காகவும் வாதாடினார். ஆனால் கொள்கையை விற்றவரல்லர். 1867 முதல் 1869 வரை இல்லினாய் மாநிலத்தின் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்தவர். 1868இல் ஆளுநர் பதவிக்கு நிற்க முயன்றபோது, மதத்தைப் பற்றிய கருத்தை மறைத்தால் வழி பிறக்கும் என்றனர். மறுத்தார். பதவி போயிற்று. போனால் போகட்டும் என்று வீடு திரும்பினார்.

அந்த வீட்டுக் கதவைப் பற்றி ஒரு செய்தி. நீக்ரோ மக்களின் மாபெருந் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ், கடுங்குளிர் வாட்டிய ஓர் இரவு, பியோரியா நகருக்கு வரவேண்டியிருந்தது. முன்பொரு முறை அந்நகரத்து ஓட்டலிலே கறுப்பர் என்பதால் இடம் மறுத்திருந்தார்கள். இம்முறையும் மறுத்தால்? கவலை வேண்டாம், எந்த நேரமானாலும் கதவு திறக்கும் வீடொன்று அங்கே உண்டு என்று நண்பர் ஒருவர் சொல்லியனுப்பினார். இங்கர்சாலின் வீடு அது! அன்று ஓட்டலிலேயே இடம் கிடைத்துவிட்டது. எனினும் மறுநாட் காலையில் அந்த வீட்டைத் தேடிச் சென்று கண்டார் டக்ளஸ். பின்னர் தம் வரலாற்றிலும் எழுதிவைத்தார். சர்ச்சு மணி ஒலித்த ஊரிலே, தீண்டப்படாதவருக்குத் திறந்த கதவு நாத்திகனின் கதவு.

இப்படிப்பட்ட வீட்டின்மேல் சேறு வீச ஆள் வேண்டாமா? கிளம்பினார்கள். இங்கர்சாலின் ஒரே மகன் கதைப் புத்தகம் படித்துப் படித்துப் பைத்தியம் பிடித்து, மருத்துவமனையிலே மாண்டான் என்று பரப்பினர். இங்கர்சால் அமைதியாக மறுப்பு விடுத்தார். மகன் அதிகம் கதைப் புத்தகம் படித்தவனல்லன், பைத்தியம் பிடிக்கவில்லை, மருத்துவமனைக்குப் போகவில்லை, சாகவுமில்லை, கடைசியாக, தமக்கு மகனே பிறந்ததில்லை என்றார்! நாடு சிரித்தது.

1889இல் மூத்த மகள் ஈவாவுக்கு வால்ஸ்டன் பிரௌனுடன் திருமணம். மகளை அனுப்பிவிட்டுக் கண்ணீரோடு நிற்கவில்லை பெற்றோர். எல்லோரும் ஒன்றாகவே வாழ்ந்தனர். குளிர்காலத்தில் நியூயார்க் நகரம். கோடையில் ஹட்சன் ஆற்றங்கரையிலே, டாப்ஸ் ஃபெர்ரியிலிருந்த மருமகன் மாளிகை. மாமியார், மைத்துனி என்று மனைவி வீட்டாரும் உடனிருந்தனர். பெண் கொடுத்த வீட்டிலே தங்குவதைக் குறைவென்று கருதும் நாடு நமது. அவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. பேத்தி பிறந்தாள், பாட்டியின் பெயர், ஈவா. பேரன் பிறந்தான்; தாத்தாவின் பெயர், ராபர்ட். அந்தப் பருத்த உடலும் வழுக்கைத் தலையும் கொண்ட பெரியவருக்கு, கடைசி ஆண்டுகளின் களிப்பெல்லாம் இவ்விரு மழலைகளே.

1896 நவம்பரில், சொற்பொழிவுப் பயணத்தின் நடுவே உடல் கெட்டது. பிறகு நெஞ்சு நோய். இருந்தும் மேடையை விட்டாரில்லை. 1899 ஜூன் 2இல் பாஸ்டன் நகரிலே கடைசியாகப் பேசினார். ஜூலை 21, காலையில் குடும்பத்தாரோடு உணவருந்தினார். சற்றுப் படுத்தார். நண்பகல் கடந்து, நாற்காலியில் அமர்ந்திருக்க, துணைவியார் அருகிலிருக்க, ஓசையின்றி உயிர் பிரிந்தது. வயது 65.

உடலைப் பிரிய மனமின்றி நாட்கணக்கில் வீட்டிலேயே வைத்திருந்தனர் மனைவியும் மக்களும். ஜெபம் இல்லை, பாதிரி இல்லை. அவருடைய எழுத்துக்களையே நண்பர்கள் படித்தனர். உடல் எரியூட்டப்பட்டது, சாம்பல் அடங்கிய கலசம் வீட்டுக்கே வந்தது.

சேறு வீசியவர்கள் அப்போதும் ஓயவில்லை. சாகும் நேரத்தில் மனம் மாறி மன்னிப்புக் கேட்டார் என்று புரளி கிளப்பினர். ஈவா அம்மையாரும், உடனிருந்த பெண்களும், அவர் தம் கொள்கையிலிருந்து இம்மியும் மாறவில்லை என்று பிரமாணம் செய்து எழுதிக் கொடுத்தனர். 1923இல் அம்மையாரும் மறைந்தார். 1932இல் இருவரின் சாம்பலும் ஆர்லிங்டன் போர்வீரர் கல்லறையிலே அடுத்தடுத்து வைக்கப்பட்டன.

பேத்தி ஈவா வளர்ந்து பெரியவளானார். தாத்தாவின் கடிதங்களைத் தேடித் திரட்டினார். 1951இல் பெரிய நூலாக அதை வெளியிட்டார், தாத்தா இறந்து 52 ஆண்டுகள் கழித்து.